கூடிப்போன மூவாயிரம் கிலோ

அத்தியாயம் 7

பொருள் காணாமல் போனதற்குப் போலீஸ் வரும். பொருள் கூடிப்போனதற்குப் போலீஸ் வந்து ஆண்டிச்சாமி பார்த்ததில்லை.

கொடைக்கானல் ஏழு ரோட்டில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்த லீலாவிடம் அவன் டிரைவராகச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. பெயருக்குத்தான் டிரைவர். உளவு பார்ப்பது, டீ வாங்குவது, சாட்சிகளைச் சிரிக்க வைத்து வாயைப் பிடுங்குவது எல்லாம் அவன் தலையில்தான். இந்த நாலு வருஷத்தில் நகை, நாய், ஒரு தடவை ஹோட்டல் பியானோ என்று காணாமல் போன எத்தனையோ சாமான்களைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1988 பிப்ரவரியில் வந்த இந்த வழக்கு வேறு தினுசு. தாண்டிக்குடிப் பக்கம் மஞ்சப்பாறை எஸ்டேட்டில் மூவாயிரத்து முப்பத்தெட்டு கிலோ காப்பி அதிகமாக இருந்தது.

"கூட இருந்தா சந்தோசப்பட வேண்டியதுதானங்க மேடம்?" என்றான், ஜீப்பை இரண்டாவது கியருக்கு இறக்கியபடி.

"பக்கத்து ஆனைக்கல் எஸ்டேட்ல மூவாயிரத்து எழுபத்தொரு கிலோ குறையுது, ஆண்டிச்சாமி."

"அடி ஆத்தீ! அப்ப நடுவுல முப்பத்து மூணு கிலோ எங்க போச்சு?"

"வழியில சிந்தியிருக்கும்னு சப் இன்ஸ்பெக்டர் சொல்றார்."

"எது, அவரு மூளையா?"

லீலா சிரிக்கவில்லை. ஆனால் உதட்டோரம் லேசாக நெளிந்ததை ஆண்டிச்சாமி கண்ணாடியில் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டான். அவள் பொதுப்பணித் துறையில் பதினெட்டு வருஷம் வரைபடம் போட்டவள். படம் போடாமல் கட்டின சுவரைக் கண்டால் இன்றைக்கும் அவளுக்கு ஆகாது. எந்த வழக்கானாலும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டங்கள் போட்டு, எது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று அம்புக்குறி வரைந்துவிட்டுத்தான் ஆளை விசாரிப்பாள். இப்போதும் அவள் மடியில் ஜனவரி மாதம் கவிழ்ந்து கிடந்தது. காயப்போடும் களம், அங்கிருந்து கிட்டங்கி வாசல், வாசலிலிருந்து எடைச் சீட்டு, சீட்டிலிருந்து கம்ப்யூட்டர் என்று நாலு கட்டம் போட்டிருந்தாள்.

மஞ்சப்பாறைக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று. காப்பி மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் வாசலில் பெரிய மேடைத் தராசு. அதன் மேல் சப் இன்ஸ்பெக்டர் வேலுச்சாமி ஏறி நின்று தன் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்பத்தாறு காட்டுது. இந்தத் தராசும் பொய்" என்றபடி இறங்கினார்.

"தராச மன்னிச்சு விட்ருங்க சார், அது சின்னது" என்றான் ஆண்டிச்சாமி.

வேலுச்சாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவரோரமாக ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கை காட்டினார்.

"இந்தம்மாதான் அமிர்தவல்லி. இங்க எடை போடுறவங்க. இவங்க கை படாம ஒரு மூட்டை உள்ள போகாது. சீசன் முழுக்க வந்த எடைன்னு கம்ப்யூட்டர் ஒரு மொத்தம் சொல்லுது. போன வாரம் லாரியில ஏத்தி எடை மேடைக்குக் கொண்டு போனா மூவாயிரம் கிலோ கூட நிக்குது. கணக்குல வராத மூட்டை வானத்துலேருந்தா விழுந்துச்சு? ஆனைக்கல்லுலேருந்து வந்துச்சு. விடிய வெள்ளனே, குதிரை மேல ஏத்தி. முதலாளியம்மா பழனியிலேருந்து போன் போட்டு உங்களைக் கூட்டிட்டு வந்திருக்காங்க, நான் வேணாங்கல. நாலு மணிக்கு இவங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நீங்க படம் போட்டுக்கங்க."

அமிர்தவல்லிக்கு நாற்பது வயது இருக்கும். பெட்டியைச் சுற்றி ஒரு தடித்த கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போய்விடும் என்பதால் காலையிலேயே எல்லாவற்றையும் கட்டி எடுத்துவந்துவிட்டாள்.

"இது கப்பல்ல வந்தப்ப கட்டுன கயிறுங்கம்மா" என்றாள் லீலாவிடம். "பன்னெண்டு வருசமாச்சு. ஒரு தரம் சிலோன் தோட்டத்துலேருந்து பெட்டி கட்டினோம். மறுதரம் கேம்புலேருந்து கட்டினோம். அங்க இந்தியாக்காரின்னு கதைச்சாங்க, இங்க சிலோன்காரின்னு கதைக்கிறாங்க. அதெல்லாம் பொறுத்துக்கலாம். இப்ப கள்ளின்னு கதைக்கிறாங்க. எம் புள்ளைக ரெண்டு நாளா பள்ளிக்கூடம் போகல. மூணாந்தரம் பெட்டியத் தூக்கிட்டு நான் எங்கங்கம்மா போறது?"

ஆண்டிச்சாமியின் நாக்கு நுனியில் ஒரு கிண்டல் தயாராக நின்றது. அதை விழுங்கிவிட்டான்.

லீலாவின் கண் சுவரில் சாத்தியிருந்த ஒரு பலகையின் மேல் இருந்தது. பலகையில் வரிசை வரிசையாக ஆணிகள். கீழே ஒரு டப்பாவில் ஓட்டை போட்ட தகர வில்லைகள்.

"இது என்ன?"

"ஆணிப் பலகைங்கம்மா. நானே செஞ்சது. அஞ்சு களத்துலேருந்து மூட்டை வருது, அதான் அஞ்சு வரிசை. ஒரு மூட்டைக்கு ஒரு வில்லை. மேக்களத்து ஆணி சதுரம், வில்லையில ஓட்டையும் சதுரம். கீக்களத்துது வட்டம். நடுக்களத்துது பட்டை. ஒரு களத்து வில்லைய இன்னொரு களத்து ஆணியில மாட்டணும்னு நெனச்சாலும் மாட்ட ஏலாது."

ஆண்டிச்சாமி ஒரு வட்ட வில்லையை எடுத்துச் சதுர ஆணியில் மாட்டப் பார்த்தான். அமுக்கினான். திருகினான். கட்டைவிரலில் குத்திக்கொண்டதுதான் மிச்சம்.

"தப்புப் பண்ணவே விட மாட்டேங்குதே! எங்க மாமியா மாதிரி இருக்கு."

"மேல தனியா நிக்கிற அந்தக் குங்குமம் வச்ச ஆணி?" என்று லீலா கேட்டாள்.

"அது லாப ஆணிங்க. அன்னைக்கு வர்ற மொத மூட்டைக்கு. ஒல்லி ஆணி, எல்லாக் களத்து வில்லையும் அதுல போகும். மொத மூட்டைய ஒண்ணுன்னு சொல்லக்கூடாதில்லையா? லாபம், ரெண்டு, மூணுன்னுதான் கூப்பிடுவேன்."

"எங்க ஊர்லயும் நெல்லு அளக்கையில அப்படித்தான்" என்றான் ஆண்டிச்சாமி. "ஒண்ணுன்னு ஆரம்பிச்சா அளக்குறவன் தலையில மரக்கால் பறந்து வரும்."

லீலா காலண்டர் தாளில் கிட்டங்கி வாசலுக்குப் பக்கத்தில் 'லாபம்' என்று எழுதி ஒரு வட்டம் போட்டாள்.

"சாயங்காலம்?"

"வில்லைகளக் கழத்தி டப்பாவுல போட்ருவேன். எடையெல்லாம் சீட்டுல எழுதி ஞானவேல் தம்பிகிட்டக் குடுத்துருவேன். அப்புறம் மிஷின் பாடு."

மிஷின் கிட்டங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் அறையில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கம்ப்யூட்டரின் நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனப் பொட்டு, தோளில் பட்டுத் துண்டு. எதிரே கைகட்டி நின்ற ஞானவேலுக்கு இருபத்து மூன்று வயது. பழனி அடிவாரத்தில் பொரிகடலைக் கடை வைத்திருக்கும் குடும்பம். மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தான். இரண்டு எஸ்டேட்டும் சேர்ந்து வாங்கிய மிஷின் என்பதால் காலையில் மஞ்சப்பாறை எடைகளையும் மத்தியானம் ஆனைக்கல் எடைகளையும் அவனே ஏற்றினான்.

"பழைய எடைச் சீட்டெல்லாம் எங்க தம்பி?" என்றாள் லீலா.

ஞானவேல் மூலையில் புகைந்துகொண்டிருந்த கணப்புச் சட்டியைப் பார்த்தான்.

"எரிச்சுட்டேங்க. மிஷினுக்குக் குளிரக்கூடாதுல்ல."

"பிரமாதம்" என்றான் ஆண்டிச்சாமி. "மிஷின் குளிர் காய சாட்சியைக் கொளுத்திருக்கான்."

"சீட்டு எதுக்குங்க? ஏத்துன எல்லா எடையும் மிஷின் ஞாபகம் வச்சிருக்கு. மிஷின் தப்புப் பண்ணாதுங்க."

"மிஷின்ல இருக்கிற கணக்குத் தாளை யார் வடிவமைச்சது? எந்தக் கட்டத்துல என்ன வரணும்னு முதல்ல படம் ஏதாவது போட்டீங்களா?"

"படமா? அதெல்லாம் இல்லீங்க. ஒரு நாளைக்கு ஒரு பத்தி, ஒரு மூட்டைக்கு ஒரு கட்டம். இடம் பத்தலன்னா கீழ ரெண்டு கட்டம் சேத்துக்குவேன். அடியில மொத்தம்."

படம் போடாமல் மாடி எடுத்த வீட்டைப் பார்ப்பது போல லீலா அவனைப் பார்த்தாள். "மஞ்சப்பாறைக் கணக்கு முழுசையும் அச்சடிச்சுக் கொடுங்க" என்றாள்.

அச்சு மிஷின் கால் மணி நேரம் கத்தியது. மடிப்பு மடிப்பாகத் தாள் வந்து விழுந்தது. அதை விரித்தபோது மேஜையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தாழ்வாரம் வரைக்கும் நீண்டது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஆண்டிச்சாமி மூடுபனியில் நின்றான். அவனுக்குக் கை மரத்துப் போயிற்று. பொழுது போகாமல் எண்களை வேடிக்கை பார்த்தான்.

"மேடம், காலைப் பெரட்டுல பேர் கூப்பிடும்போது ஆளுக நிக்கிற மாதிரியே நிக்கிறாங்க இவங்க. எல்லாரும் வலது பக்கத்து ஓரமா நெருக்கி நிக்கிறாங்க. ஒவ்வொரு பத்தியிலயும் மொத ஆளு மட்டும் இடது பக்கமா ஒதுங்கி நிக்கிறாரு. பெரிய எடத்துப் புள்ளை போல."

உள்ளே பேனா கீழே விழும் சத்தம் கேட்டது.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"கோவிச்சுக்காதீங்க, சும்மா..."

"திருப்பிச் சொல்லுங்க!"

சொன்னான். லீலா தாளின் மேல் மண்டியிட்டாள். ஒவ்வொரு பத்தியிலும் தலைக்கட்டத்து எண்ணுக்கு முன்னால் 'எல்' என்ற ஆங்கில எழுத்து நின்றது. அவள் விரல் வைத்துப் பத்திகளை எண்ணினாள். அறுபத்திரண்டு பத்தி, அதாவது எடை போட்ட நாள் அறுபத்திரண்டு. காலண்டர் தாளில் ஒரு வகுத்தல் போட்டாள்.

"மூவாயிரத்து முப்பத்தெட்டை அறுபத்திரண்டால வகுத்தா நாப்பத்தொன்பது. சரியா ஒரு மூட்டை எடை. சார், உங்க திருடன் ஒரு நாள் கூட லீவு போடாம, நாளைக்கு ஒரே ஒரு மூட்டை கொண்டு வந்து வச்சிருக்கான்."

"ஒழுங்கான திருடன்" என்றார் வேலுச்சாமி சந்தேகத்துடன்.

"ஞானவேல், ஒரு புதுப் பத்தி எடுங்க. அம்பது, அம்பது, அம்பதுன்னு மூணு மூட்டை ஏத்துங்க."

அவன் தட்டினான். அடியில் நூற்றைம்பது வந்தது. "நான்தான் சொன்னேனேங்க" என்று பெருமையாகத் திரும்பினான்.

"இப்ப அடுத்த பத்தி. காலையில நீங்க எப்படி ஆரம்பிப்பீங்களோ அப்படியே ஆரம்பிங்க. அதே மூணு மூட்டை."

ஞானவேல் கண்ணை மூடி, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எல் என்ற எழுத்தைத் தட்டினான். அதை ஒட்டி ஐம்பது. பிறகு ஐம்பது. பிறகு ஐம்பது. அடியில் நூறு என்று வந்தது.

ஞானவேல் திரையைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அந்த எழுத்து எதுக்கு?" என்றாள் லீலா.

"லாபத்துக்குங்க" என்றான் மெதுவாக. "கடையில மொதப் படியை ஒண்ணுன்னு எண்ணுனா அப்பா மண்டையில கொட்டுவாரு. மிஷின்லயும் அப்படியே மொட்டையா ஆரம்பிக்க மனசு வரல. தமிழ்ல அடிக்க வராது, அதான் எல் போட்டேன்."

"முன்னால எழுத்து வந்துட்டா மிஷின் அதை எடைன்னு பார்க்காது. ஏதோ பேருன்னு நினைச்சு இடது பக்கமா ஒதுக்கி நிறுத்திடும். கூட்டும்போது அதுக்குச் சைபர்தான். தப்புன்னு சத்தமும் போடாது. அமிர்தவல்லி எடை போட்டது அத்தனையும் சரி. தினமும் முதல் மூட்டையை மிஷின் கணக்குல சேர்க்கல, அவ்வளவுதான். அதுதான் உங்க கூடிப்போன காப்பி."

அமிர்தவல்லி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. வேலுச்சாமியைத்தான் பார்த்தாள்.

வேலுச்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். "கெட்டிக்காரத்தனம்தான். ஆனா மேடம், இங்க கூடினதுக்குக் காரணம் சொல்லிட்டீங்க. அங்க குறைஞ்சதுக்கு? ஆனைக்கல்லுல மூவாயிரம் கிலோ காணோமே, அது எங்க? சாமி கும்பிட்டா காப்பி கரைஞ்சிருமா? மணி ரெண்டே முக்கால். நாலுக்கு ஜீப் கிளம்பும்."

அந்த ஆள் கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் ஆண்டிச்சாமிக்கு எரிச்சல்.

லீலா ஜனவரியை மடக்கிவிட்டுப் பிப்ரவரியைக் கவிழ்த்தாள். ஆனைக்கல் என்று தலைப்புப் போட்டு மறுபடியும் நாலு கட்டம் வரைந்தாள்.

"ஞானவேல், ஆனைக்கல்லுல களத்துலேருந்து கெளம்பற எடையை யார் ஏத்தறது?"

"அது அவங்க கணக்குப்பிள்ளை கையால கூட்டி, மொத்தமாத் தந்துருவாருங்க. ஒரே எண்ணாப் போட்டுருவேன்."

"கிட்டங்கிக்குள்ள போய்ச் சேர்ந்த எடை?"

"அது தினசரி நான்தான்..." என்றவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சார், ஆனைக்கல் கிட்டங்கியில மூட்டையை எண்ணிப் பார்த்தீங்களா?"

"எதுக்கு எண்ணணும்? அதான் கம்ப்யூட்டர் எண்ணிருச்சே. திருட்டு நடந்த எடம்னு அன்னைக்கே சீல் வச்சுட்டேன்."

ஆனைக்கல் எஸ்டேட் பள்ளத்துக்கு அந்தப் பக்கம். ஜீப்பில் அரை மணி நேரம். அமிர்தவல்லி, ஞானவேல், வேலுச்சாமி எல்லாரும் ஏறினார்கள். பெட்டியும் வர வேண்டும் என்றார் வேலுச்சாமி, அங்கிருந்தே ஸ்டேஷனுக்குப் போக வசதி என்று. பெட்டியை ஏற்றும்போது ஆண்டிச்சாமி வேண்டுமென்றே அதை அவர் காலில் இடித்தான்.

ஆனைக்கல் முதலாளி பொன்னுச்சாமி கிட்டங்கி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "களத்துலேருந்து நானூத்திப் பன்னெண்டு மூட்டை கெளம்புச்சுங்க. மிஷின் எடையைப் பார்த்தா முன்னூத்தம்பது மூட்டைதான் உள்ள வந்திருக்கு. பாக்கி அறுபத்திரண்டும் போச்சு. இந்தச் சிலோன்காரம்மாதான்..."

"அறுபத்திரண்டு" என்றாள் லீலா. "நாளும் அறுபத்திரண்டு. சீலை உடைங்க சார்."

உள்ளே கூரை வரைக்கும் மூட்டைகள். எட்டு எட்டாக அடுக்கிய அடுக்குகள் பின்னால் இருட்டுக்குள் போயின. யார் எண்ணுவது என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது அமிர்தவல்லி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இது என்னோட சோலி" என்றாள். முதல் மூட்டையில் உள்ளங்கையால் தட்டினாள். "லாபம்!"

ரெண்டு, மூணு, நாலு என்று அவள் குரல் கிட்டங்கிக்குள் ஏறியது. ஆண்டிச்சாமி டார்ச் பிடித்தான். நூறு தாண்டியது, இருநூறு தாண்டியது. முந்நூறு ஆனபோது வேலுச்சாமி கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

"முன்னூத்தி நாப்பத்தெட்டு, முன்னூத்தி நாப்பத்தொம்பது, முன்னூத்தம்பது."

அவள் நின்றாள். திருட்டு உண்மையானால் அதோடு சுவர் வந்திருக்க வேண்டும். ஆண்டிச்சாமி டார்ச்சைத் திருப்பினான். சுவரைக் காணோம். இன்னும் மூட்டைதான் தெரிந்தது.

"இன்னும் கெடக்கு!" என்று கத்தினான். "வெரசா எண்ணுங்கக்கா!"

நானூற்றுப் பன்னிரண்டாவது மூட்டையில் சுவர் வந்தது. பொன்னுச்சாமி அந்தக் கடைசி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வேலுச்சாமி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

"அப்ப திருடன் யாருய்யா?"

"திருடனே பொறக்காத கேஸ் சார் இது" என்றான் ஆண்டிச்சாமி. "ஒரே பக்தி, ரெண்டு எஸ்டேட். இங்க போட்ட லாபம் நஷ்டமாத் தெரிஞ்சிருக்கு, அங்க போட்டது திருட்டு மாலாத் தெரிஞ்சிருக்கு. அந்த முப்பத்து மூணு கிலோவும் எங்கயும் சிந்தல. இவங்க மூட்டை நம்ம மூட்டையை விட அரைக் கிலோ கனம்."

ஞானவேல் அமிர்தவல்லி முன்னால் போய் நின்றான். "அக்கா, இனிமே கவனமா இருப்பேங்கக்கா..." என்று விம்மினான்.

"ஒரு தரம், ஒரே ஒரு தரம் கையால கூட்டிப் பாத்திருந்தா போதுமே தம்பி" என்றாள் அவள். குரல் நடுங்கியது. கோபத்தில்தான் நடுங்கியது. "சாமிக்குப் பயந்தீங்க. எம் புள்ளைகள நெனைக்கலியே."

"கவனமெல்லாம் ரெண்டு வாரம்தான் தாங்கும்" என்றாள் லீலா. "மூணாவது வாரம் மறுபடியும் கை தன் போக்குக்குப் போகும். கவனத்தை நம்பி ஒரு ஆளோட பொழைப்பை வைக்க முடியாது. தப்பா மாட்டவே முடியாத ஆணி வேணும்."

ஆனைக்கல் தாழ்வாரத்திலேயே அவள் மார்ச் மாதத்தைக் கிழித்தாள். அமிர்தவல்லி சொல்லச் சொல்ல, ஆணிப் பலகை அப்படியே தாளில் இறங்கியது. மூட்டைக்கு ஒரு கட்டம் இல்லை, மூன்று கட்டம். கூப்பிடும் பெயருக்கு ஒன்று, களத்துக்கு ஒன்று, எடைக்கு ஒன்று. லாபத்துக்குப் பெயர்க் கட்டத்தில் இடம் உண்டு, எடைக் கட்டத்தில் கிடையாது. பலகையில் எத்தனை வில்லை என்று முதலில் தட்ட வேண்டும், அத்தனை எடை எண்ணாக இருந்தால்தான் மொத்தம் வரும். ஒன்று குறைந்தாலும் மொத்தத்துக்குப் பதில் தப்பு என்று காட்டும். மொத்தக் கட்டத்துக்குப் பூட்டு. தாளில் ஒரு வரி கூட்ட வேண்டுமானால் முதலில் படத்தில் கூட்ட வேண்டும். ஞானவேல் மூக்கை உறிஞ்சியபடி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான்.

மறுநாள் காலை மஞ்சப்பாறையில் புதுத் தாளைச் சோதிக்கும் பொறுப்பு ஆண்டிச்சாமிக்குக் கிடைத்தது. ஒரே ஒரு வில்லையைப் பலகையில் மாட்டி, எண்ணிக்கையையும் தட்டிவிட்டு, எடைக் கட்டத்தில் எல் போட்டு நாற்பத்தெட்டு அடித்தான். மொத்தம் வரவில்லை, தப்பு என்றது. தன் பெயரை அடித்தான். தப்பு. எடையே போடாமல் விட்டான். அதற்கும் தப்பு.

"அசல் எங்க மாமியாதான்!" என்று குதித்தான்.

தராசும் மிஷினும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் என்பதால், பலகையை நடுவிலிருந்த ஜன்னலில் தொங்கவிட்டால் இருவர் கண்ணுக்கும் படும் என்றாள் லீலா. தொங்கவிடக் கயிறு தேடினார்கள். எஸ்டேட் முழுக்கச் சணல்தான் கிடைத்தது, பலகையோ நல்ல கனம்.

அமிர்தவல்லி லயத்துக்கு நடந்தாள். திரும்பி வரும்போது அவள் கையில் அந்தத் தடித்த கயிறு சுருட்டியிருந்தது. பன்னிரண்டு வருஷ முடிச்சுகளின் தழும்பு அதில் அப்படியே இருந்தது.

"பெட்டிக்கு?" என்றான் ஆண்டிச்சாமி.

"பெட்டியில அரிசி கொட்டிட்டேன்" என்றாள் அவள். பலகையின் இரண்டு மூலையிலும் கயிற்றைக் கோத்து, ஜன்னல் கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றி, இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு தராசுக்குப் போய், காத்திருந்த முதல் மூட்டையில் தட்டி, மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி "லாபம்!" என்று கூப்பிட்டாள்.